பறவைக்கு நிறம் பூசியது யார்?

2010-ல் லண்டனில் ஒரு பழைய புத்தகம் 73 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 'பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. யாருடையது என்று கேட்டால் ஆடுபன் என்று ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்.

ஆடுபன் பெரிய ஓவியர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏலம் போனது அவர் தூரிகை பட்ட தாள் இல்லைங்க! அவர் வரைந்த மூல ஓவியங்களை 1863-லேயே நியூயார்க்கில் ஒரு வரலாற்றுச் சங்கம் வாங்கிவிட்டது. புத்தகத்தில் இருப்பவை லண்டனில் ராபர்ட் ஹேவல் செப்புத்தகட்டில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்து, பிறகு கையால் நிறம் பூசிய படங்கள். ஹேவல் வெறுமனே நகல் எடுக்கவும் இல்லை. சில படங்களில் பின்னணியே அவர் சேர்த்ததுதான்.

1827 முதல் 1838 வரை 435 படங்கள் வந்தன. பிரதிகள் 175 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 76 ஆயிரம் தாள்களைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றிலும் சிறகு சிறகாக யாரோ உட்கார்ந்து நிறம் பூசியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

"கூலிக்கு வேலை செய்தவர்கள்தானே" என்று சிலர் சொல்லலாம். முதல் பத்துத் தகடுகளைச் செதுக்கியவர் ஹேவல் அல்ல, எடின்பரோவின் லிசார்ஸ். 1827-ல் அவருடைய பட்டறையில் நிறம் பூசுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நின்றே போனது. அதனால்தான் ஆடுபன் லண்டனில் ஹேவலைப் பிடித்தார். நிறம் சரியில்லை என்று பிற்பாடு ஹேவலுக்கே குறை சொல்லிக் கடிதம் எழுதியவரும் அவர்தான். அந்தக் கைகளின் மதிப்பு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஜோசப் மேசன் கதை இன்னும் மோசம். பதின்மூன்று வயதில் ஆடுபனோடு கிளம்பிய பையன். பல படங்களில் பறவை உட்கார்ந்திருக்கும் செடி, பூ எல்லாம் அவன் கைவண்ணம். அச்சான படங்களில் அவன் பெயர் கிடையாது.

ஹேவலுக்காவது படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. செதுக்கி, அச்சிட்டு, நிறம் பூசியவர் என்று. நிறம் பூசியவர்கள் எல்லோரும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். இன்றைக்குச் சுவரில் மாட்டும் போஸ்டர்களிலும் இணையப் படங்களிலும் அந்த வரியையும் பல சமயம் வெட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம்! அதை வெட்டாமல் போட்டால் என்ன? அரை அங்குல இடம்தானே ஆகும்.