கட்டி என்றாலே கர்ப்பப்பையை எடுக்கணுமா?

சாகுபுரம் காலனியில் நாங்கள் இருந்த காலத்தில், "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பது பெண்களிடையே சாதாரணப் பேச்சு. பெரும்பாடு என்று பாட்டிமார் சொன்ன அதிக உதிரப்போக்குக்கு நார்க்கட்டி ஒரு காரணம், தைராய்டும் காரணமாகலாம். நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கிவிடும்.

முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வுப் பரிசோதனையும் வேண்டும். பிறகு மாத்திரை, உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுவது எனப் பல வழிகள் உண்டு.

தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கம் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுவே சரியான வழி. ஆனால் ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுவது பல வீடுகளில் நாம்தானே? "வேறு வழி உண்டா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.