கதையின் கீழே ஒட்டிய நீதி

பஞ்சதந்திரத்தைச் சிறுவர் நீதிக்கதை என்று வகைப்படுத்தியவர் யாராயினும், முதல் தந்திரத்தை அவர் இறுதிவரை வாசித்திருக்க மாட்டார் என்றே நாம் ஐயுறுகிறோம். மித்திரபேதம் எனும் அப்பகுதியில் பிங்களகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் உற்ற நண்பர்கள். தமனகன் என்ற நரி இருவரிடமும் தனித்தனியே கோள் மூட்டுகிறது. ஐயத்தால் வெகுண்ட சிங்கம் குற்றமற்ற எருதைக் கொன்றுவிட்டு வருந்துகிறது. நரியே ஆறுதலும் சொல்கிறது. அமைச்சர் பதவியும் அதற்கே. தண்டனை ஏதுமில்லை.

இதிலிருந்து பெறவேண்டிய நீதிதான் என்ன? கோள் சொன்னால் அமைச்சராகலாம் என்பதா? நம் பதிப்பாளர்கள் இச்சங்கடத்தை எளிதில் கடந்துவிடுகிறார்கள். எருதின் பிணத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் 'நீதி: கோள் சொல்வோரை நம்பாதே' என்று ஒரு வரி. முடிந்தது வேலை.

நரி தப்பித்தது எட்டாம் நூற்றாண்டில் இந்நூலை அரபியில் 'கலீலா வ திம்னா' என ஆக்கிய இப்னு அல்-முகஃபாவுக்கும் பொறுக்கவில்லை போலும். நரியை விசாரித்துத் தண்டிக்கும் ஓர் அத்தியாயம் அவர் நூலில் உண்டு. அது அவரே சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் அவர் செய்தது படைப்பாளியின் வேலை. கதைக்குக் கதையால் மறுமொழி சொன்னார். நரிக்கும் வாதிட இடம் தந்தார். நம்மவர் செய்வதோ முத்திரை குத்தும் குமாஸ்தா வேலை.

குழப்பம் 'நீதி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வடமொழியில் அது நடத்திச் செல்லும் அறிவு, அரசியல் விவேகம். அமரசக்தி மன்னனின் மந்தபுத்தி மைந்தர் மூவருக்கு ஆறே மாதத்தில் புகட்டுவதாக விஷ்ணுசர்மன் வாக்களித்தது இதைத்தான். தமிழில் அச்சொல் நியாயம், அறம் என்று பொருள் மாறிற்று. நரி மட்டும் மாறவில்லை.

காகத்தை ஏய்த்த நரியின் கதையைக் கேட்கும் குழந்தை நரியின் பக்கமே சாயும் என்று 1762இல் 'எமில்' நூலில் ரூசோ எச்சரித்தார். பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லிப் பார்த்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால், ஆகவே குழந்தைக்குக் கதையே வேண்டாம் என்ற அவர் முடிவு நமக்கு உடன்பாடன்று. வேண்டாதது அந்தக் கடைசி வரிதான். கேள்வி பிறக்கும் இடத்தில் குழந்தையின் வாயைப் பொத்துகிறது அது.

பதிப்பாளர்களே, அடுத்த பதிப்பில் அவ்வரியை நீக்கிவிட்டுத் தமனகனை அமைச்சராகவே விட்டுவையுங்கள். எருது ஏன் செத்தது என்று குழந்தை கேட்கும். கேட்கட்டும்.