மலம்பனி



வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் புதிதாக வேலைக்குப் போகிறவர், உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் திணறுவது ஒரு சின்னக் கேள்வியில்தான். "பனியுண்டோ?" என்பார் நர்ஸம்மா. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, பனிக்கு எங்கே போவது? மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம் எலிக்காய்ச்சல் அங்கே எலிப்பனி, டெங்குக் காய்ச்சல் டெங்கிப்பனி. நாம் பனி என்பதை அவர்கள் மஞ்ஞு என்பார்கள். மலைமேல் தவழும் மேகத்துக்கு நம் புலவர்கள் சொன்ன மஞ்சுதான் அது.

சொல்லை அவர்கள் திரித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கப் பாடல்களில் பனித்தல் என்றால் பல இடங்களில் நடுங்குதல். குளிரில் உடல் பனிக்கும். வேந்தன் படையெடுத்தால் பகைவரும் பனிப்பர். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கோவலரை, அதாவது இடையரை, பாருங்கள். விடாத மழையில் பெரும்பனி உடம்பைப் பிடித்து வாட்ட, கையில் கொள்ளி இருந்தும் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். இன்று அந்த வினை நம்மிடம் 'கண் பனித்தது' என்பதோடு நின்றுவிட்டது. அதிலும் நடுக்கம் இல்லை, ஈரம்தான் இருக்கிறது.

நடுக்கத்திலிருந்து காய்ச்சலுக்குப் போவது அப்படியொன்றும் தூரமில்லை. கிருமி நுழைந்ததும் மூளை உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. அந்த அளவை எட்டுவதற்காகத் தசைகள் வெடவெடவென்று ஆடிச் சூடு உண்டாக்குகின்றன. தொட்டால் சுடுகிற பிள்ளை இன்னொரு கம்பளி கேட்பது இதனால்தான். மலையாளப் பனி இந்த நடுக்கத்தின் வழியாகத்தான் காய்ச்சலுக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம். நாமும் மலேரியாவுக்குக் குளிர்காய்ச்சல் என்றுதானே பெயர் வைத்தோம்!

மலேரியாவுக்கு மலையாளத்தில் மலம்பனி என்று பெயர். முகம் சுளிக்க வேண்டாம். இந்த 'மலம்' மலைதான், மலம்புழை அணையில் இருக்கும் அதே மலம். இடுக்கிக்காரர்களுக்கு இது வெறும் அகராதிச் சொல் அல்ல. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அதன் பிறகு தேயிலைத் தோட்ட வேலைக்குக் கங்காணிகள் பின்னால் மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. தேவிகுளமும் பீர்மேடும் உடும்பன்சோலையும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. ஏறும் வழியிலும் தாழ்ந்த சரிவுகளிலும் அவர்களுக்காகக் காத்திருந்தது கொசு. தேயிலை நிலைப்பதற்கு முன் அந்த மலைகளில் சிங்கோனாவும் நட்டுப் பார்த்தார்கள். குளிர்காய்ச்சலுக்கான கொய்னா அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருவதுதான். மலம்பனி என்று காதில் விழும்போது, தேனிப் பக்கத்திலிருந்து போன ஒருவருக்கு அதிகாலையில் மலைமேல் இறங்கும் பனிதான் நினைவுக்கு வந்திருக்கும். இரண்டு பனியும் ஒரே ஆளை ஒரே ராத்திரியில் நடுங்க வைத்திருக்கவும் கூடும்.

இன்னொரு சொல்லும் எல்லையில் ஆளை ஏமாற்றும். மூணாறு ஜனவரிக் குளிரில் "விறைத்துப் போனேன்" என்று நாம் சொன்னால் கைகால் கட்டையாகிவிட்டது, அசையவில்லை என்று பொருள். மலையாளிக்கு விறயல் என்றால் நடுக்கம். நாம் அசையவில்லை என்கிறோம், அவர் நாம் ஆடிக்கொண்டிருப்பதாக நினைத்துப் போர்வை எடுத்து வருவார். போர்வை வந்துவிடுகிறது, அதனால் நஷ்டமில்லை.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், குமுளி, போடிமெட்டுப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடுக்கத்துக்கு என்ன சொல் சொல்கிறார்கள்? குளிருக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, சாமி வரும்போது ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள். அகராதியைப் பார்த்துத் திருத்த வேண்டாம். ஊர்ப் பெயரை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஒரு மலை தாண்டினால் சொல் மாறிவிடுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்