டைரக்டரியில் இல்லாத சிறுவன்

சார்லி சாப்ளின் எந்த வீட்டில் பிறந்தார் என்பதற்கு இன்றுவரை ஆவணச் சான்று இல்லை. 1889 ஏப்ரல் 16 அன்று இரவு எட்டு மணிக்கு, தெற்கு லண்டனின் வால்வர்த் பகுதியிலுள்ள ஈஸ்ட் லேனில் பிறந்ததாக 1964இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பிறப்பைப் பதியாதவர்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1875 முதலே நடப்பில் இருந்தும் அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. 1952இல் அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் பிரிட்டனின் எம்.ஐ.5 உளவுத்துறை தேடியது, அதற்கும் அகப்படவில்லை. இப்படி ஒரு நட்சத்திரத்தின் பால்ய கால வீட்டைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது பழைய நகர டைரக்டரிகளை, அதாவது பெயர்-முகவரிப் புத்தகங்களைத்தான். அவை அருமையான கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பெயர் அவற்றில் இல்லை என்பதை மட்டும் வைத்து, அந்தக் குடும்பம் அங்கே வாழவே இல்லை என்று தீர்ப்பெழுதுவது பெரும்பிழை.

இந்தப் புத்தகங்கள் எதற்காகத் தொகுக்கப்பட்டன என்று பார்த்தால் காரணம் விளங்கும். கெல்லி நிறுவனம் வெளியிட்டுவந்த 'போஸ்ட் ஆபீஸ் லண்டன் டைரக்டரி' தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் பெயர்களை அடுக்கியது. கடிதம் அனுப்பவும் சரக்கு வாங்கவும் விற்கவும் உதவுவதே அதன் வேலை. ஆகவே கடைக்காரரும் தொழில் நடத்துபவரும் வசதியான குடித்தனக்காரரும் அதில் இடம்பெற்றார்கள். கடைக்கு மேலே ஓர் அறையை வார வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்களை அது பொதுவாகக் கணக்கில் கொள்ளவில்லை. சாப்ளினின் பெற்றோர் இருவருமே மியூசிக் ஹால் மேடைப் பாடகர்கள். அவர்கள் பிரிந்த பிறகு தாய் ஹன்னா இரண்டு பையன்களுடன் அறை மாற்றி அறை குடிபெயர்ந்துகொண்டே இருந்தார். ஆண்டுக்கொரு பதிப்பு காணும் புத்தகத்தால் வாரக்கணக்கில் இடம் மாறும் குடும்பத்தைப் பிடிக்க முடியாது.

அந்தச் சிறுவனின் தடம் வேறு ஏடுகளில் இருக்கிறது. 1896இல் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1898 தொடக்கத்தில் அவன் வெளியே வந்தது வரை பதிவுகள் தொடர்கின்றன. அதே ஆண்டு தாய் கேன் ஹில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; பிள்ளைகள் கென்னிங்டன் சாலை 287ஆம் எண்ணில் இருந்த தந்தையிடம் போனார்கள். தலைக்கு மேலிருந்த கூரையை இழந்த பிறகுதான் அந்தக் குடும்பம் இந்த ஏடுகளில் இடம்பெற்றது. இந்த ஏடுகள் ஒரு தெருவையும் கதவெண்ணையும் காட்டிய பிறகு டைரக்டரி தன் வேலையைச் செய்யும். அந்த வீட்டில் குடியிருப்பவராகக் குறிக்கப்பட்டவர் யார், பக்கத்தில் என்ன கடைகள், பிற்பாடு தெருப்பெயரோ எண்ணோ மாறியதா என்பதையெல்லாம் அது சொல்லும். சாப்ளின் குடும்பம் தங்கிய பவுனல் டெரஸ் போன்று இடிக்கப்பட்டுவிட்ட வீட்டுவரிசைகளின் இடத்தை அறிய இந்த உதவி இன்றியமையாதது.

படங்களை ரசிக்கக் கதவெண் எதற்கு என்று கேட்கலாம். 1921இல் வந்த 'தி கிட்' படத்தில் கைவிடப்பட்ட குழந்தையை அநாதை விடுதிக்குப் பிடித்துச்செல்லும் காட்சி, ஏழையர் விடுதிப் பதிவேட்டை அறிந்தவருக்குக் கூடுதல் கனத்தோடு தெரியும். பிறந்த இடத்தைச் சாப்ளினே சொன்ன பிறகு ஆராய்ச்சி ஏன் என்பது இன்னொரு கேள்வி. தன் பிறப்பை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது. கேட்டதைத்தான் சொல்ல முடியும். பர்மிங்காம் அருகே ஸ்மெதிக்கில் ஒரு ஜிப்சி வண்டியில் அவர் பிறந்தார் என்று கூறும் கடிதமொன்றும் அவர் வைத்திருந்த தாள்களிடையே கிடைத்திருக்கிறது. சான்று இல்லாத இடத்தை இத்தகைய கதைகள்தான் நிரப்பும். ஏழைக் குடும்பத்தின் அவமானத்தை ஏன் கிளற வேண்டும் என்ற தயக்கம் மதிக்கத்தக்கது. பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் நூறாண்டுகள் மூடிவைக்கப்படுவதும் தனிநபர் அந்தரங்கத்தைக் காக்கத்தான். ஆனால் சாப்ளின் தன் வறுமையைத் தானே உலகறிய எழுதியவர். அதை மறைப்பதால் அவருக்குப் பெருமை கூடாது.

ஆகவே பழைய டைரக்டரிகளை மின்படியாக்க எடுக்கும் அக்கறையை ஏழையர் விடுதி, பள்ளி, மருத்துவமனைப் பதிவேடுகளுக்கும் ஆவணக்காப்பகங்கள் தர வேண்டும். நினைவுப் பலகை பதிப்பவர்களும், நிறுவப்பட்டது எது, குடும்பத்தார் சொல்லிவந்தது எது என்பதைப் பிரித்தே எழுத வேண்டும். வாடகை அறைகளில் வளர்ந்த கலைஞனுக்கும், பெயர் வெளியே தெரியாமல் அதே தெருக்களில் வாழ்ந்து மறைந்தவர்களுக்கும் வரலாறு செய்யவேண்டிய குறைந்தபட்ச நியாயம் அது.