துவக்கும் ஏடும்

துவக்கு என்னும் சொல் நம் யாழ்ப்பாணத்தார் நாவில் இருபொருள் தரும். ஒன்று தொடக்கம், மற்றொன்று சுடுகருவி. பின்னையது துருக்கி மொழியினின்று வந்த சொல்லின் திரிபு என்பர். வரலாறு வேறாயினும், பழைய துவக்கொன்றை வாங்கப் புகுவோன் முதற்கண் ஆராய வேண்டுவது அதன் தொடக்கத்தையே என்பதை அண்மையில் நேரிற் கண்டேன். தமிழ் கற்பிக்கும் எனக்கே அது பாடமாயிற்று.

என் அத்தானுக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் உண்டு. காட்டுப்பன்றிகள் விளைபயிரை உழக்குவதால், அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய ஒழுங்குகளைச் செய்துகொண்டு, பழைய இரட்டைக்குழல் துவக்கொன்றை விலைபேசினார். "இங்கிலாந்துச் சாமான்; பாட்டனார் காலத்தது; எழுத்தைப் பாருங்கோ" என்றார் உடையவர். எழுத்தைப் பார்ப்பதற்கே அத்தான் என்னை அழைத்துச் சென்றார். 'டபிள்யூ. ரிச்சட்ஸ்' என்று ஆங்கிலத்திற் பொறித்திருந்ததைப் படித்து, மெய்ப்பொருளே என்று தலையசைத்தும் விட்டேன்.

நல்லகாலமாகத் துவக்குத் திருத்துவதில் முதிர்ந்த தொழிலாளர் ஒருவர் உடன் வந்திருந்தார். "பண்டிதர் ஐயா, பேரைப் பிறகு பாப்பம், முதல் குழலைக் கழட்டுவம்" என்றார்.

குழலின் அடி, பொறி, முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிடத்தும் ஒரே இலக்கம் இருத்தல் வேண்டுமாம். முன்கட்டையில் வேறிலக்கம் இருந்தது. அடுத்துச் சோதனை முத்திரையைக் காட்டினார். ஆங்கிலேயக் குழலாயின் இலண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். இதிலோ முட்டை வடிவினுள்ளே மூன்றெழுத்து. அது பெல்ஜியத்து லியேஜ் நகரின் முத்திரை. வெஸ்ட்லி ரிச்சட்ஸ் என்பது 1812இல் பர்மிங்காமில் தொடங்கிய புகழ்வாய்ந்த பெயர். அம்மயக்கம் தோன்றுமாறு முதற்பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிப் பொறித்த பெல்ஜியத் துவக்குகள் பல நாடுகளில் விலைபோயின. எழுத்தறிந்த யான் எழுத்தினாலேயே ஏமாந்தேன்.

பின்னர்க் குழலின் உள்ளளவை எடுத்தார். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓருருண்டையின் விட்டம் யாதோ அதுவே பன்னிரண்டாம் அளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இக்குழல் அதனினும் அகன்றிருந்தது. துருக்குழிகளை மறைக்க எவரோ உள்ளே சுரண்டியிருக்கின்றார். சுரண்டிய அளவுக்குச் சுவர் மெலிந்துவிட்டது. அன்றியும் அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த பழஞ்சுருட் குழல், கரிமருந்துக்கென ஆக்கப்பட்டது. இக்காலத் தோட்டாவை அதில் இட்டால், வெடிப்பது சுடுவோனின் இடக்கை அருகேதான். இறுதியாகக் குழலைத் தொங்கவிட்டு விரலாற் சுண்டினார். மணியோசை எழவில்லை, இணைப்பு நெகிழ்ந்திருந்தது.

உடையவர் வஞ்சகர் அல்லர். தம் பாட்டனார் சொல்லியதை நம்பியவர், முகம் வாடிவிட்டது. அவரைத் தேற்றுவார்போல அத்தொழிலாளர் சொன்னார்: "கட்டை மாத்தினது குற்றமில்லை ஐயா, மாத்தினதைச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம்." பதிப்பாசிரியர் யாவரும் மனத்திற் கொள்ளத்தக்க வாசகம் இது.

யானும் ஒருமுறை பழைய புத்தகம் ஒன்றை முதற்பதிப்பென்று கருதிப் பாதிச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். முகப்பில் 'சர்வசித்து வருடம்' என்றிருந்தது. 1887 என்று மகிழ்ந்தேன். வீட்டிற் பின்புறத்து விளம்பரத்தைப் படித்தபோதன்றோ, அது அறுபதாண்டு கழிந்து மீண்டும் வந்த சர்வசித்து, அதாவது 1947, என்பது புலனாயிற்று! நூல் பொய் கூறவில்லை. என் ஆசையே கூறிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏடுகளும் சாம்பராயின. பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பெட்டகங்களும் வெறுமையாயின. ஆகவே எஞ்சிய ஏடு ஒவ்வொன்றும் இன்று அரும்பொருள். அரும்பொருளுக்கு விலை உண்டு. விலையுள்ள இடத்துக்குப் போலியும் வரும். ஒருவர் ஏட்டின் கடைசி ஓலையை மற்றொன்றோடு கோத்தால், முன்கட்டை மாறிய துவக்கின் கதையே அங்கும் நிகழும்.

"முன்னோர் பொருளை ஐயுறுவது அவமதிப்பன்றோ?" என்பார் உளர். அன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளினின்றும் பழந்தமிழை மீட்டவர். ஏடுகள் சிதைந்திருந்த நிலையைத் தம் பதிப்புரைகளில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அவர் பதிப்பை இன்றும் நாம் மதிப்பது அந்த நேர்மையினாலும் அன்றோ? ஐயுற்று ஆராய்வதே முன்னோர்க்குச் செய்யும் மரியாதை. ஆராயாது போற்றுவது, உண்மையில், நம் ஆசையைப் போற்றுவதாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒரு செய்யுளைக் கொணர்ந்து இன்னார் பாடியது என்றால், பெயரோடு அமையவிடாதீர். எந்த ஏடு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அத்தான் அத்துவக்கை வாங்கவில்லை. பன்றிகள் இவ்வாண்டும் வயலுக்கு வந்தன. ஆயினும் அவர் இடக்கை இன்றும் அவருக்கு உண்டு.