"ஒன்றுமில்லை" என்னும் கொடுஞ்சொல்

நோயாளிக்கு மிகுந்த தீங்கு இழைக்கும் சொல் எது என்று என்னைக் கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே என்று தயங்காது சொல்வேன். ஆறுதல் போல வந்து, அவன் வாயை அடைத்துவிட்டுப் போகும் சொல் அது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் அதைச் சொல்கிறார். வீட்டில் உற்றார் சொல்கின்றனர். பெரட்டுக் களத்தில் கிராணிமாராகிய நாங்கள் சொல்கிறோம். சொல்பவர் எவரும் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். ஆயினும், அச்சொல் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்ததை நான் என் கண்ணால் கண்டேன். அக்கேட்டில் எனக்கும் பங்குண்டு. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

நான் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரியை ஒருவர் ஓட்டிவந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. மழையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டி, எதற்கும் அஞ்சாதவர் என்று பெயர் எடுத்தவர். ஒரு நாள் ஆலைக்குப் போகும் வழியில் அவர் நெஞ்சு திடீரெனப் படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன, உடல் வியர்த்து நடுங்கியது. சாவு வந்துவிட்டது என்றே எண்ணி லாரியைச் சாலையோரம் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். பத்து நாளில் மீண்டும் வந்தது. மீண்டும் அதே சோதனை, அதே விடை. மூன்றாம் முறை வந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? வைத்தியர் ஒன்றுமில்லை என்று கைவிட்ட இடத்தில் பூசாரி வந்து, "எல்லாம் இருக்கிறது" என்றார். செய்வினை என்றார். அண்டைக் கம்பத்துப் பொமோவும் அதனையே மலாய் மொழியில் சொன்னார். தாயத்து வந்தது, சேவல் போயிற்று, மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. படபடப்பு மட்டும் போகவில்லை.

நானோ ஆங்கிலவழிக் கல்வி கற்றவன். தாயத்தைக் கண்டு நகைத்தவன். அவர் என் மேசை முன் வந்து, "ஐயா, லாரியில ஏறினாலே நெஞ்சு அடைக்குதுங்க" என்று சொன்னபோது நான் கூறியது என்ன? "ஆஸ்பத்திரியிலேயே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, அண்ணே! வீணாக ஏன் பயப்படுகிறீர்கள்?" என்றேன். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் லாரி வேறொருவர் கைக்குப் போயிற்று. பூசாரி அவர் பணத்தைப் பறித்தார். நான் அவர் மானத்தைப் பறித்தேன். இருவரில் எவர் குற்றம் பெரிது என்பதை வாசகர்களே தீர்ப்புச் செய்யட்டும்.

பல மாதங்களுக்குப் பின், ஒரு சுகாதாரக் கிளினிக்கில் இளம் வைத்தியர் ஒருவர் கால் மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளில் படம் வரைந்து, நடந்தது இன்னதென்று அவருக்கு விளக்கினார். அன்று மாலை அவர் என்னிடம் வந்து, "ஐயா, இதுக்கு ஒரு பேரு இருக்குதாம்!" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட ஒளியை நான் மறக்கமாட்டேன். மருந்து இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. தெரிந்துகொண்டதே முதல் மருந்தாயிற்று.

நிற்க. இந்நோய் யாது? இதனைப் பீதி நோய் என்பர். இஃது இக்காலத்தில் புதிதாய் முளைத்ததன்று. கோழைகளுக்கு மட்டும் வருவதுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் இருந்ததைக் கண்டு, ஜேக்கப் டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871இல் விரிவாக எழுதினார். 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பீதி நோய்க்குத் தனி இடம் தந்தது. பீரங்கிக்கு முன் நின்றவர்களையும் இத்தகைய துன்பம் பிடித்ததென்றால், "ஆண்பிள்ளைக்கு என்ன பயம்?" என்று கேட்பதில் பொருளுண்டோ?

புலியைக் கண்டால் ஓடுவதற்காக நம் உடலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் பாய்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது. பீதி நோயில், புலி இல்லாதபோதே இந்த ஏற்பாடு கிளம்பிவிடுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் மரத்துத் தலை சுற்றுகிறது. அதைக் கண்டு, "மாரடைப்பு!" என்று மனம் அலறுகிறது. அந்த அலறலால் படபடப்பு இன்னும் ஏறுகிறது. இவ்வாறு அச்சம் உடலையும், உடல் அச்சத்தையும் மாறி மாறி ஊதி வளர்ப்பதை 1986இல் டேவிட் கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் தெளிவாக எடுத்துக் காட்டினார். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பிறகு தானே தணியும். உயிருக்குக் கேடு செய்யாது. ஆனால், அடுத்தது எப்போது வருமோ என்னும் ஏக்கம் மனிதனை வீட்டுக்குள் பூட்டிவிடும். உண்மையான நட்டம் அதுவே.

இதனை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதற்குத் தடை கூறுவோர் உளர். "விவரம் சொன்னால் இன்னும் பயப்படுவான்" என்கின்றனர் சிலர். பெயர் தெரியாத நோய்க்கு அஞ்சுவதைவிடப் பெயர் தெரிந்ததற்கு அதிகம் அஞ்சுவார் உண்டோ? "தோட்டத்துப் பாட்டாளிக்கு இதெல்லாம் விளங்காது" என்கின்றனர் வேறு சிலர். லாரி எஞ்சின் ஏன் சூடேறுகிறது என்று அறிந்தவருக்குத் தன் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்பது விளங்காதா? விளங்காதபடி பேசுவது நம் குற்றம். "வைத்தியருக்கு நேரமில்லை" என்கின்றனர் மற்றும் சிலர். இரண்டு முறை இதயத்தை வரைந்து பார்க்க நேரமிருந்ததே! முதல் முறையே கால் மணி நேரம் பேசியிருந்தால், இரண்டாவது மிச்சமாகியிராதோ?

நோயாளி அறிய வேண்டியவை சிலவே. முதன்முறை நெஞ்சு வலித்தால், பீதி என்று தானே முடிவு கட்டாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். இதயக் கோளாறும், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகுதியாகச் சுரப்பதும் இதைப் போன்ற குறிகளைக் காட்டும். அவை இல்லையென்று தெரிந்த பின், தீர வழியுண்டு. அச்சத்தின் எண்ணங்களைச் சோதித்துத் திருத்தி, விலகி ஓடிய இடத்துக்குப் படிப்படியாக மீளப் பழக்கும் பேச்சு வைத்தியம் ஒன்று. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் மற்றொன்று. இவை ஓரிரவில் பலன் தரா. சில வாரங்கள் பொறுக்க வேண்டும். குணம் கண்டவுடன் தாமே நிறுத்தலாகாது. இது சொல்லப்படாமையால் மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் எறிவோர் எத்தனை பேர்! உடனே சாந்தி தரும் தூக்க மாத்திரை வகைகள் நாளடைவில் அடிமையாக்கும். கள்ளும் சம்சுவும் அன்றிரவு ஆற்றி, மறுநாள் இருமடங்காய்ப் பதற வைக்கும்.

உடனிருப்போர் கடமையும் உண்டு. தாக்கம் வரும்போது கூட்டம் கூடி அலறாதீர்கள், ஏசாதீர்கள். அருகில் அமர்ந்து, "இது முன்னும் வந்து போயிற்று, இப்போதும் போய்விடும்" என்று மெல்லச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக விடச் செய்யுங்கள். அன்பின் பெயரால் அவர் வேலையெல்லாம் நாமே செய்து, அவரை வீட்டிலேயே அடைத்து வைப்பதும் நோய்க்குத் தீனி போடுவதேயாகும். தோட்ட நிர்வாகமோ அவருக்குச் சில வாரம் வேறு வேலை தந்து, பின்பு பழைய வேலைக்கு மீள வழி விடவேண்டும்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவேண்டியவன்" என்று நம்மவர் கேலி பேசும் வழக்கமும் ஒழிய வேண்டும். 1911இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி, வைத்தியம் தேடவேண்டியவரை வெட்கத்தால் மறைந்து வாழச் செய்தோம். பீதி நோய்க்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டுவதில்லை. அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். 'மெந்தாரி' என்னும் சமூக மனநல நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. மலாய் பேசத் தயங்குவோருடன் படித்த பிள்ளை ஒருவர் துணையாகப் போகட்டும். அது கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதற்குக் குறைந்த தொண்டன்று.

தோழர்களே! பேயை நம்பாததனால் மட்டும் ஒருவன் அறிவாளி ஆகிவிடமாட்டான். பேய் இல்லை என்று சொன்ன வாய், இருப்பது இன்னதென்றும் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால், நாம் காலி செய்த இடத்தில் பூசாரி மீண்டும் வந்து அமர்வார். இனி உங்கள் லயத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சோதனைகள் முடிந்து திரும்பி வந்தால், "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "இதற்குப் பெயர் உண்டு, வைத்தியம் உண்டு, நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த லாரி ஓட்டுநருக்கு நான் சொல்லத் தவறியது அதுவே.