சரயேவோவுக்கு விருந்தினராய்ச் செல்வோம்



வசதி வாய்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஐரோப்பியச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுகிறது. வளைகுடாவிலும் இலண்டனிலும் பணிபுரியும் பிள்ளைகள், விடுமுறையில் பெற்றோரை எங்கேனும் அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். "உம்ராவுக்குப் போகலாமே, இது வீண்விரயம் அல்லவா?" என்று வாப்பாவும் உம்மாவும் தயங்குகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைத் தூண்டுகிறது; விரயத்தையும் அதே திருமறை கண்டிக்கிறது. ஆகவே, புறப்படும் முன் நாம் வகுக்கும் திட்டமே ஒரு பயணத்தின் தரத்தை முடிவு செய்கிறது.

மூன்றே நாட்களில், பெரும் செலவின்றி, ஹலாலான உணவுக்கு அலையாமல் கண்டுவரத் தக்க ஐரோப்பியத் தலைநகர் ஒன்று உண்டு. அதுவே போஸ்னியாவின் சரயேவோ. 1992 முதல் 1995 வரை அம்மக்களுக்காக நம் பள்ளிவாசல்களில் கையேந்தியதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எந்த நகருக்காகத் துஆச் செய்தோமோ, அந்த நகரை நேரில் காண்பது தனியொரு பேறாகும்.

முதலில் ஆயத்தங்களைக் கவனிப்போம். போஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று, ஷெங்கன் நாடுமன்று. ஆகவே, விசா விதியைத் தூதரகத்தில் தனியே கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். இஸ்தான்பூலிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றடையலாம். அங்குள்ள நாணயம் 'மார்க்'. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ இரண்டு மார்க் கிடைக்கும். மலைசூழ் நகரமாதலால் குளிர்காலத்தில் பனி பெய்யும். முதியோருக்கு மே அல்லது செப்டம்பர் மாதம் ஏற்றது. ஜூன் மாதத்தில் இஷாவுடைய நேரம் இரவு பத்து மணியைத் தாண்டிவிடும். டிசம்பரிலோ மாலை நான்கு மணியளவில் மஃரிப் வந்துவிடும். ஊர் சுற்றும் நேரத்தை இதற்கேற்ப வகுத்துக்கொள்க. ஷாஃபிஈ மத்ஹபினர், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ரும் ஜம்உம் செய்யலாம். ஹனஃபிகளுக்குக் கஸ்ர் உண்டு, ஜம்உ இல்லை. உள்ளூர் இமாமைப் பின்தொடர்ந்து தொழும்போது இருசாராரும் நான்கு ரக்அத்துகளையும் நிறைவு செய்ய வேண்டும்.

முதல் நாளைப் பாஷ்சார்ஷியா என்னும் பழைய கடைவீதிக்கு ஒதுக்குங்கள். அதன் நடுவே 1530-களில் எழுந்த காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசல் நிற்கிறது. சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள்வழிப் பேரரான அவர், போஸ்னியாவின் ஆளுநராயிருந்து தம் செல்வத்தை வக்ஃபு செய்தார். பள்ளிவாசல், மதரஸா, பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் உணவளித்த அடுக்களை, குளியலகம், இவற்றின் செலவுக்கு வருவாய் ஈட்டும் கடைகள் ஆகிய அனைத்தும் அந்த வக்ஃபில் அடங்கும். மதரஸா கட்டி மிஞ்சும் பணத்தில் நல்ல நூல்கள் வாங்கவேண்டும் என்று 1537-ஆம் ஆண்டின் வக்ஃபு ஆவணத்தில் அவர் எழுதி வைத்தார். அதிலிருந்து பிறந்த நூலகமும் அந்த மதரஸாவும் இன்றும் இயங்குகின்றன. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு, அந்நகரின் மற்றெல்லாச் சிறப்பினும் இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

பள்ளிவாசலை ஒட்டிய மணிக்கூண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சூரியன் மறையும் வேளையில் அதன் முட்கள் பன்னிரண்டைக் காட்டும். மஃரிபிலிருந்து நாளைத் தொடங்கும் நம் மரபுக் கணக்கு அங்கே இன்றும் பேணப்படுகிறது.

பசியாற அக்கடைவீதியே போதும். விரலளவு இறைச்சி உருண்டைகளைக் கரியடுப்பில் வாட்டி, மென்மையான ரொட்டிக்குள் வைத்துப் பச்சை வெங்காயத்துடன் தருவது 'செவாப்பி'. மெல்லிய மாவில் இறைச்சியைப் பொதிந்து சுருட்டிச் சுட்டது 'பூரெக்'. பாலாடைக்கட்டி, கீரை, உருளைக்கிழங்கு வைத்தவற்றுக்கு அங்கே வேறுவேறு பெயர்கள் உண்டு. கோழியும் வெண்டைக்காயும் சேர்ந்த 'பேகோவா சோர்பா' என்னும் சூப் முதியோருக்கு இதமானது. வால்நட் பருப்பை நிரப்பி வேகவைத்த ஆப்பிளான 'துஃபாஹியா', பெயரிலேயே அரபு வாசம் வீசும் இனிப்பு. காரத்துக்குப் பழகிய நம் நாவுக்கு ஊறுகாய் தேவைப்படலாம். ஆனால், போஸ்னியாவில் பிற சமயத்தாரும் வாழ்கின்றனர். பன்றி இறைச்சியும் மதுவும் விற்கும் கடைகளும் உள்ளன. கேட்டறிந்து உண்பதே பேணுதல்.

இரண்டாம் நாள் நெஞ்சைக் கனக்கச் செய்யும் நாள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள் இந்நகர் முற்றுகையிடப்பட்டது. 2012-இல் மாண்டவர்களின் நினைவாக வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாக வரிசைப்படுத்தினர். 1993-இல் விமான நிலையத்தின் அடியில் சுமார் 800 மீட்டர் நீளத்துக்குத் தோண்டிய சுரங்கத்தின் வழியேயும் உணவும் மருந்தும் நகருக்குள் வந்தன. அதன் ஒரு சிறு பகுதியில் இன்று நாம் குனிந்து நடக்கலாம். மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த ஒரு குண்டு 68 பேரைப் பலிகொண்டது. அன்றாட உணவுப் பொருள் தேடிச் சந்தைக்கு வந்தவர்கள் அவர்கள். கோவாச்சி மையவாடிக்குச் சென்று ஷஹீதுகளுக்காகத் துஆச் செய்யுங்கள். அதிபராயிருந்த அலியா இஸ்ஸத் பெகோவிச்சும் அங்கேதான் அடங்கியுள்ளார். 1992 ஆகஸ்டில் எரிக்கப்பட்ட தேசிய நூலகம் இருந்த மாளிகை, 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே எரிந்த நூல்கள் திரும்பவில்லை. ஆனால், காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளை, ஊழியர்கள் குண்டுகளுக்கு நடுவே இடம் மாற்றி மாற்றி மறைத்துக் காத்தனர்.

இவற்றைக் கண்டபின் அன்றிரவு உணவுக்கு அமருங்கள். உதவிப் பொதியில் வந்த டப்பா இறைச்சியைத் தின்று உயிர் தரித்த மக்கள், இன்று நமக்குச் சூடான ரொட்டியைப் பரிமாறுகின்றனர். அந்தத் தட்டில் மீதம் வைத்து எழுவதற்கு யாருக்கு மனம் வரும்? புகைப்படத்துக்காகப் பத்து வகைகளை வரவழைத்து, பாதியைக் குப்பைக்கு அனுப்பும் புதுப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

மூன்றாம் நாளை அண்டை வீட்டாருக்கு ஒதுக்குங்கள். பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் கத்தோலிக்கப் பேராலயமும், பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், யூதர்களின் பழைய ஆலயமும் உள்ளன. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு உஸ்மானியர் ஆட்சியில் இங்கே புகலிடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, அவர்களின் பழம்பெரும் 'ஹகாதா' சுவடியை நாஜிகளின் கையில் சிக்காமல் காத்தவர் தர்விஷ் கோர்குத் என்னும் முஸ்லிம் அருங்காட்சியக நூலகர். பிறகு, 2018-இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய கம்பிவட ஊர்தியில் திரெபெவிச் மலைக்கு ஏறி நகரைப் பாருங்கள். முற்றுகையிட்டோர் குண்டு பொழிந்த மலைகளில் அதுவும் ஒன்று. மாலையில் செம்புக் குவளையில் வரும் காபியை அவசரமின்றி அருந்தி, கடைக்காரருக்கு ஸலாம் கூறி விடைபெறுங்கள். மொழி தெரியாவிடினும் ஸலாம் அவருக்குப் புரியும்.

ஊர் திரும்பியதும் வாங்கிய செம்புப் பாத்திரத்தை அலமாரியில் வைப்பதோடு நில்லாமல், கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் எழுதிவைத்த வக்ஃபு, போரையும் நெருப்பையும் கடந்து இன்றும் மாணவர்களை ஓதவைக்கிறது. நம் ஊர் வக்ஃபுச் சொத்தின் வருவாயில் எத்தனை பிள்ளைகள் ஓதுகின்றனர் என்று ஜமாஅத்தில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் அப்பயணத்தின் பலனாக அமையட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.